ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தவர்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, எழுபதுகளின் ராக் குழுக்களில் பாடகரை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், அவருக்குப் பக்கத்தில் கிட்டார் வாசித்தவரை மறந்துவிடுகிறார்கள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு கட்டு இருக்கிறது. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, முழுக்க கிட்டார்தான்.

ஹென்ட்ரிக்ஸ், கிளாப்டன், ஜிம்மி பேஜ், கில்மர். இந்த நான்கு பேரைத் தாண்டி எனக்கு ஒரு பெயரும் தெரியாது. கவனிக்கப்படாதவர்களில் ஒரே ஒருவரைச் சொல்லுங்கள், இந்த வாரமே கேட்கிறேன்.
(ஒரு வாசகர், கும்பகோணம்)

ஸ்டீவ் ஹாக்கெட். இதற்கு நான் யோசிக்கவே மாட்டேன்.

1971 தொடக்கத்திலிருந்து 1977 வரை இங்கிலாந்தின் ஜெனஸிஸ் குழுவில் கிட்டார் வாசித்தவர். புதுப் பாதையில் போக நினைக்கும் இசைக்கலைஞர்களைத் தேடி 'மெலடி மேக்கர்' பத்திரிகையில் அவர் ஒரு சின்ன விளம்பரம் கொடுத்திருந்தார், அதைப் பார்த்துத்தான் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் அவரைக் கூப்பிட்டார். சேரும்போது வயது 20. அந்தக் காலத்து மேடைப் படங்களைப் பாருங்கள். கேப்ரியல் சிவப்பு கவுனும் நரித்தலையும் மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பார், பார்ப்பவர் கண் வேறு எங்கும் போகாது. ஓரத்தில் கண்ணாடியும் தாடியுமாக ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து, குனிந்து தன் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தான் ஹாக்கெட். கிட்டாரிஸ்ட் என்றால் காலை அகட்டி நின்று முகத்தைச் சுளிக்க வேண்டும் என்றிருந்த நாளில், உட்கார்ந்து வாசிப்பவரை யார் கவனிப்பார்கள்?

1973-ல் வந்த 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' ஆல்பத்தில் 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' என்று ஒன்பதரை நிமிடப் பாட்டு இருக்கிறது. குழுவின் கீபோர்டு கலைஞர் டோனி பேங்க்ஸின் பியானோவில் தொடங்கும். பாதி வழியில் கேப்ரியல் புல்லாங்குழலில் ஒரு சின்ன மெட்டை வாசிப்பார், சோகமான மெட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். பிறகு கீபோர்டு வேகமெடுத்து எங்கெங்கோ சுற்றிவிட்டு ஓரிடத்தில் வந்து அடங்கும்போது, அதே மெட்டை ஹாக்கெட் கிட்டாரில் எடுக்கிறார். மெதுவாக, ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்து. கிட்டாரில் கம்பியை மீட்டியதுமே ஒலி தேயத் தொடங்கிவிடும், அதுதான் அந்த வாத்தியத்தின் குணம். இவர் கையில் மீட்டிய பிறகு ஒலி வளர்கிறது, நாகஸ்வரக்காரர் ஒரே சுரத்தில் நின்று கார்வை கொடுப்பதுபோல. ஏறக்குறைய மூன்று நிமிடம் இது நடக்கிறது, ஓரிடத்திலும் அவசரம் கிடையாது.

எனக்கு இந்தப் பாட்டு முதலில் கிடைத்தது ஒரு 60 நிமிடக் கேசட்டில். நண்பனின் அண்ணன் பதிவு செய்து கொடுத்தது. ஹாக்கெட் உயரமான ஒரு சுரத்தில் போய் நின்று அதை வளைக்கத் தொடங்கும் இடத்தில் டேப் தீர்ந்து, டக்கென்று பட்டன் எகிறிவிடும். அதற்கு மேல் என்ன ஆகிறது என்று தெரியாமலே இரண்டு வருஷம் கேட்டேன். பிறகு ஒரு நாள் முழுப் பாட்டும் கிடைத்தபோது, அவர் அந்தச் சுரத்திலிருந்து பதறாமல் இறங்கி வந்து, பாட்டைப் பத்திரமாகப் பாடகரின் கையில் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டு கையாலும் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) தட்டி வாசிக்கும் 'டேப்பிங்' முறையைக் கண்டுபிடித்தவர் எடி வான் ஹேலன் என்று எங்கள் கிட்டார் மாஸ்டர் சொல்கிறார். சரிதானா?
(கிட்டார் கற்கும் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் வான் ஹேலன், அதில் சந்தேகமில்லை. கண்டுபிடித்தவர் அவர் இல்லை.

வான் ஹேலனின் முதல் ஆல்பம் 1978. அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1971-ல் வந்த ஜெனஸிஸின் 'நர்சரி க்ரைம்' ஆல்பத்தில் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி ஜயன்ட் ஹாக்வீட்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். வலது கை விரல் நேராக ஃப்ரெட்டில் இறங்கித் தட்டுகிறது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் ஆர்கன் இசையில் ஒரு துண்டைக் கிட்டாரில் கொண்டுவர முயன்றபோது இந்த வழி பிடிபட்டதாக ஹாக்கெட் சொல்லியிருக்கிறார். ஒரு கம்பியிலேயே தூரத் தூர இருக்கிற சுரங்களை மின்னல் மாதிரி மாற்ற வேண்டுமென்றால் இடது கை மட்டும் போதாது, அதனால் வலது கையையும் அனுப்பினார். அவ்வளவுதான் விஷயம்.

ஹாக்கெட்டும் முதல் ஆள் இல்லை. விட்டோரியோ கமார்டேசே என்ற இத்தாலியர் 1965-லேயே டிவி நிகழ்ச்சியில் இப்படி வாசித்த படம் இருக்கிறது. அமெரிக்காவில் ஜிம்மி வெப்ஸ்டர் 1952-ல் இதற்கென்று ஒரு பாடப் புத்தகமே போட்டார். வான் ஹேலனோ, ஜிம்மி பேஜ் இடது கையை மட்டும் வைத்து ஒரு சோலோ, அதாவது தனி வாசிப்பு, வாசித்ததைப் பார்த்துத் தனக்குப் பொறி தட்டியது என்றார். ஆகவே யார் முதலில் என்ற வழக்கு தீராது, விடுங்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வான் ஹேலன் இதைத் தனியாக மேடை நடுவில் வைத்துக் காட்டினார், உலகம் பார்த்தது. ஹாக்கெட் அதே வித்தையை டோனி பேங்க்ஸின் கீபோர்டோடு சேர்த்து, இரண்டும் ஒரே வாத்தியம்போல ஒலிக்கும்படி வாசித்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் அதைக் கீபோர்டு என்றே நினைத்தால் தப்பு அவர்கள் மேல் இல்லை.

உங்கள் மாஸ்டரிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோகாதீர்கள். அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், அவரே சந்தோஷப்படுவார்.

வேகமாக வாசிப்பது எனக்குப் பிடிப்பதில்லை, தலைவலி வருகிறது. மனசை உருக்குகிற மாதிரி கிட்டார் வேண்டும். யாரைக் கேட்கலாம்?
(ஒரு வாசகி, திருநெல்வேலி)

அம்மா, உங்களுக்காகவே ஒருவர் இருக்கிறார். ஆண்ட்ரூ லாட்டிமர், குழுவின் பெயர் கேமல்.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு ஊர்க்காரர், 1949-ல் பிறந்தவர். கிட்டார், புல்லாங்குழல், பாட்டு மூன்றும் உண்டு. கேமலுக்கு வேஷம் போடும் பாடகர் கிடையாது, பத்திரிகைகளுக்குத் தீனி போடும் சண்டை சச்சரவு கிடையாது, ரேடியோவில் ஓடித் தீர்த்த பாட்டும் கிடையாது. முகமே இல்லாத குழு என்றுகூடச் சொல்லலாம். 1975-ல் 'தி ஸ்னோ கூஸ்' என்று ஒரு முழு ஆல்பம், அதில் பாடல் வரி ஒன்றுகூட இல்லை. பால் காலிகோ எழுதிய குறுநாவலை வைத்துச் செய்தது. எஸெக்ஸ் சதுப்பு நிலக் கரையில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஓவியர், காயம்பட்ட வாத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வரும் சிறுமி, அப்புறம் 1940-ல் டன்கர்க் கடற்கரையிலிருந்து படகில் சிப்பாய்களை மீட்கப் போன அந்த ஓவியர் திரும்பி வராதது. இத்தனையையும் வார்த்தை இல்லாமல் சொல்லியிருக்கிறார்கள். அதே வருஷம் அக்டோபரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து இதை முழுதாக வாசித்தார்கள்.

ஆனால் நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். 'ஐஸ்' என்ற இசைத் துண்டில் தொடங்குங்கள். 1979 ஆல்பத்தின் கடைசியில் இருக்கிறது, பத்து நிமிடம். முதலில் அமைதியான கிட்டார், பக்கத்து அறையில் யாரோ தனக்குத் தானே வாசிப்பதுபோல. எலக்ட்ரிக் கிட்டார் உள்ளே வரும்போது பாட்டு ஒன்றும் வேகமெடுப்பதில்லை. லாட்டிமர் ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை மெல்ல மேலே தள்ளி, அது அடுத்த சுரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்போது நடுங்க விடுகிறார். நாம் கமகம் என்று சொல்வதற்கு இது ரொம்பப் பக்கத்தில் வருகிறது, அவர் அதைப் படித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை, காதுக்கு அப்படி இருக்கிறது. பேச வந்து பாதியில் நிறுத்திக்கொள்கிறவர் குரல் மாதிரி. அது பிடித்தால் 1984-ன் 'ஸ்டேஷனரி டிராவலர்' கேளுங்கள்.

1992-ல் லாட்டிமருக்கு ரத்தத்தைப் பாதிக்கும் நோய் ஒன்று இருப்பது தெரிந்தது. 2007-ல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வரைக்கும் போனது. இனி மேடை ஏறுவாரா என்றே ரசிகர்கள் பயந்திருந்தார்கள். 2013-ல் ஏறினார், 'ஸ்னோ கூஸ்' முழுவதையும் மறுபடி வாசித்தார். அந்த வருஷத்துக் கச்சேரிப் படங்கள் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.

சிகாகோ குழு என்றால் 'இஃப் யூ லீவ் மீ நவ்' மாதிரி மென்மையான காதல் பாட்டுகள்தானே? அதில் கிட்டாரிஸ்ட் பெரிய ஆள் என்று நண்பர் அடித்துச் சொல்கிறார்.
(ஒரு வாசகர், திருச்சி)

நண்பர் சொல்வது சத்தியம். அவர் பெயர் டெர்ரி காத்.

நீங்கள் சொல்லும் பாட்டு 1976. அதற்கு முன்னால் இருந்த சிகாகோ வேறு. ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸஃபோன் என்று மூன்று ஊதுவாத்தியம், அவற்றுக்கு நடுவே காத்தின் கிட்டார் முட்டி மோதிக்கொண்டு வரும். 1969-ல் இரட்டை ரெக்கார்டாக வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'இன்ட்ரொடக்‌ஷன்', அதை எழுதிப் பாடியதும் அவர்தான். அதே ஆல்பத்தில் 'ஃப்ரீ ஃபார்ம் கிட்டார்' என்று ஏறக்குறைய ஏழு நிமிடம் தனிக் கிட்டார், மெட்டு இல்லை, தாளம் இல்லை, இரும்புப் பட்டறை மாதிரி வெறும் ஓசை. அது எல்லோருக்கும் ஒத்துவராது, எனக்கே வருஷத்துக்கு ஒரு முறைதான்.

நீங்கள் கேட்க வேண்டியது 1970-ன் '25 ஆர் 6 டு 4'. விடியற்காலை நாலு மணிக்கு இன்னும் 25, 26 நிமிடம் இருக்கிறது, பாட்டு எழுத வரவில்லை என்பதுதான் அந்தத் தலைப்புக்கு அர்த்தம், எழுதிய ராபர்ட் லாம் சொன்னது. மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கும் ஐந்து சுரம் பாட்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் படிக்கட்டு மேல் காத், கிட்டார் ஒலியை 'வா வா' என்று பேச வைக்கும் வா-வா பெடலைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு மேல் சோலோ வாசிக்கிறார். கீழே எல்லாம் இறங்க இறங்க இவர் ஏறுகிறார். ஹென்ட்ரிக்ஸ் தங்களிடம் வந்து, உங்கள் கிட்டாரிஸ்ட் என்னைவிட நன்றாக வாசிக்கிறார் என்று சொன்னதாக அந்தக் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். காத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் இந்தக் கதையிலேயே தொடங்குகிறார்கள், எனக்கு அது வருத்தம். இன்னொருவர் சர்டிஃபிகேட் கொடுத்தால்தான் இந்த மனிதரைக் கேட்போமா?

1978 ஜனவரி 23, லாஸ் ஏஞ்சலஸில், குண்டு இல்லை என்று நம்பித் துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தபோது வெடித்து இறந்துபோனார். 32-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது. அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் வளர்ந்து, அப்பாவைத் தெரிந்தவர்களையெல்லாம் தேடிப் போய்ப் பேசி, 2016-ல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். அவருடைய பழைய டெலிகாஸ்டர் கிட்டார் ஓர் உறவினர் வீட்டில் இருந்து கிடைத்தது அந்தத் தேடலில்தான்.

ஜெத்ரோ டல் என்றாலே புல்லாங்குழல். அதில் கிட்டாருக்கு என்ன வேலை?
(ஒரு வாசகர், மதுரை)

'அக்வலங்' பாட்டின் முதல் ஆறு சுரத்தைக் கேட்டுவிட்டு இந்தக் கேள்வியை மறுபடி கேளுங்கள். வாசித்தவர் மார்ட்டின் பார். 1968 கடைசியில் சேர்ந்து நாற்பது வருஷத்துக்கு மேல், குழுவின் பாடகரும் புல்லாங்குழல்காரருமான இயன் ஆண்டர்சனுக்குப் பக்கத்தில் நின்றவர். ஆண்டர்சன் ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதினால் பார்க்கிறவன் வேறு எதைப் பார்ப்பான்?

அந்தப் பாட்டின் சோலோவை லண்டன் பேசிங் தெரு ஸ்டூடியோவில் பதிவு செய்துகொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் வேலை செய்துகொண்டிருந்த லெட் ஜெப்பலினிலிருந்து ஜிம்மி பேஜ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கையாட்டினாராம். கையைத் திருப்பி ஆட்டினால் டேக், அதாவது அந்த முறை பதிவு, போய்விடும். ஒன்றிரண்டு முறையில் சரியாக வராவிட்டால் அந்த இடத்தைப் புல்லாங்குழலுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற நிலை வேறு. பார் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வாசித்துக்கொண்டே போனார். நாம் இன்றைக்குக் கேட்பது அந்த டேக்தான்.

நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம். ரஷ் இந்த ஊர்க் குழு. என் மகன் எப்போதும் டிரம்மர் நீல் பியர்ட்டைப் பற்றியே பேசுகிறான். கிட்டாரிஸ்டைப் பற்றிச் சொல்லுங்களேன்.
(ஒரு வாசகி, கனடா)

தம்பி பேசுவதில் தப்பே இல்லை, பியர்ட் அப்படிப்பட்டவர், 2020 ஜனவரியில் அவர் போனபோது எனக்கு வீட்டு மனிதர் போன மாதிரி இருந்தது. ஆனால் மூன்று பேர் குழுவில் டிரம்மருக்கும், பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கும் கெடி லீக்கும் நடுவில் அலெக்ஸ் லைஃப்சன் மாட்டிக்கொண்டார்.

லைஃப்சனின் பெற்றோர் செர்பியாவிலிருந்து வந்தவர்கள். கெடி லீயின் பெற்றோர் நாஜி முகாம்களில் உயிர் பிழைத்து கனடா வந்து சேர்ந்த யூதர்கள். உங்கள் ஊரின் வில்லோடேல் பகுதியில் ஒரே பள்ளியில் படித்த பையன்கள். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி என்று வளர்ந்தவர்கள், உங்கள் பிள்ளைக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ, சொல்லுங்கள்.

மூன்று பேர் குழுவில் ஒரு சிக்கல் உண்டு. கிட்டாரிஸ்ட் சோலோவுக்குப் போனால் அடியில் கார்ட், அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம், பிடிக்க ஆள் இல்லை, பாட்டு ஓட்டைப் பானை மாதிரி ஆகிவிடும். லைஃப்சன் கண்டுபிடித்த வழி எளிமையானது, நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டாவது ஃப்ரெட்டில் எஃப் ஷார்ப் பார் கார்டை (ஒரு விரலைக் கம்பிகள் மேல் குறுக்கே படுக்க வைக்கும் பிடி) பிடித்து, கீழே இருக்கிற இரண்டு மெல்லிய கம்பிகளை மட்டும் விரலில் படாமல் விட்டுவிடுங்கள். அந்த இரண்டும் திறந்த கம்பியாக ஒலிக்கும்போது ஒரு கிட்டார் இரண்டு கிட்டாராகிவிடும், கூட ஒரு கீபோர்டும் இருப்பதுபோல அறை நிறைந்துவிடும். 1978-ன் 'ஹெமிஸ்ஃபியர்ஸ்' ஆல்பம் அந்தக் கார்டோடுதான் தொடங்குகிறது. அதே ஆல்பத்தில் ஒன்பதரை நிமிட 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ', லைஃப்சன் தூக்கத்தில் கண்ட கெட்ட கனவுகளை வைத்துச் செய்த இசை. நடுவில் எல்லாம் அடங்கி, கிட்டார் மூச்சு விடுவதுபோல மெல்லத் தொடங்கி வளர்கிற பகுதி ஒன்று வரும், அதைத் தம்பிக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு 1981-ன் 'லைம்லைட்'. தன் சோலோக்களில் தனக்கே பிடித்தது அது என்று லைஃப்சன் சொல்லியிருக்கிறார், நானும் அந்தக் கட்சிதான்.

நீங்கள் சொல்கிற பெயர்கள் எல்லாம் ஆண்கள். பெண்கள் யாருமே வாசிக்கவில்லையா?
(ஒரு வாசகி, சென்னை)

வாசித்தார்கள். கவனிக்கப்படாதவர்கள் என்ற சொல்லுக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை, முதல் பதிலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் மில்லிங்டன், 1948-ல் மணிலாவில் பிறந்தவர், 1961-ல் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போனார். தங்கை ஜீன் பேஸ் கிட்டார், இவர் கிட்டார், நான்கு பெண்களாகச் சேர்ந்து ஃபேனி என்ற குழு. 1970-ல் ரிப்ரைஸ் நிறுவனத்தில் முதல் ஆல்பம். ஒரு பெண் கையில் கிட்டார் எடுத்தால் பின்னால் திரைக்குப் பின் ஒரு ஆண் வாசிக்கிறான் என்று நினைத்த காலம் அது. ஜெர்மன் டிவியில் அவர்கள் நேரடியாக வாசித்த படம் கிடைக்கிறது, ஜூன் ஸ்லைடு (கம்பிமேல் ஒரு குழாயை வழுக்கவிட்டு வாசிப்பது) வாசிக்கும்போது அந்தச் சந்தேகம் எல்லாம் எங்கே போனது என்று பாருங்கள். பிற்காலத்தில் இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி இந்தக் குழுவை மனம்விட்டுப் புகழ்ந்தார். ஜூன் அதோடு நிற்கவில்லை, பெண்களுக்கு இசை சொல்லிக்கொடுக்க 1986-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார்.

இன்னொருவர் ஹார்ட் குழுவின் நான்சி வில்சன். 'க்ரேஸி ஆன் யூ' பாட்டுக்கு முன்னால் அவர் அகூஸ்டிக் கிட்டாரில் வாசிக்கிற முன்னுரையைப் பலர் பாட்டு தொடங்கவில்லை என்று தள்ளிவிட்டுக் கேட்கிறார்கள். அய்யோ, தள்ளாதீர்கள்.

டேவிட் போவி பாட்டுகளில் வரும் கிட்டார் யாருடையது?
(ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

பலர் வாசித்திருக்கிறார்கள், ஆனால் 1970 முதல் 1973 வரை என்றால் மிக் ரான்சன். இங்கிலாந்தின் ஹல் நகராட்சியில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பழைய நண்பர் ஒருவர் போவிக்காக ஆள் தேடிப் போனபோது, ரக்பி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாராம். அடுத்த வருஷம் அந்தக் கை 'லைஃப் ஆன் மார்ஸ்' பாட்டுக்கு வயலின், செல்லோ எல்லாவற்றுக்கும் இசை எழுதியது. அந்தப் பாட்டில் பல்லவி மேலே எழும்பும்போது நமக்கு நெஞ்சு தூக்கிப்போடுகிறதே, அதில் பாதி ரான்சனின் வேலை. அமெரிக்கப் பாடகர் லூ ரீடின் 'ட்ரான்ஸ்ஃபார்மர்' ஆல்பத்தையும் போவியோடு சேர்ந்து தயாரித்தார், 'பர்ஃபெக்ட் டே'யின் பியானோவும் அவர்தான். கிட்டாரிஸ்ட் என்று மட்டும் அவரைச் சொல்வது எனக்கு மனசு ஒப்பவில்லை. 1992 ஏப்ரலில் வெம்ப்ளி மைதானத்தில் போவியோடு மறுபடி மேடை ஏறினார், அப்போதே கல்லீரல் புற்றுநோய். ஒரு வருஷம் கழித்துப் போய்விட்டார், வயது 46.

ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்து பிறகு மறக்கப்பட்டவர் யாராவது?
(ஒரு வாசகர், சேலம்)

யான் அக்கர்மான். நெதர்லாந்தின் ஃபோகஸ் குழு. 1973-ல் 'மெலடி மேக்கர்' வாசகர்கள் உலகின் சிறந்த கிட்டாரிஸ்ட் என்று ஓட்டுப் போட்டது இவருக்கு. இன்றைக்கு 'ஹோகஸ் போகஸ்' என்ற ஒரு பாட்டு மட்டும் விளம்பரங்களில் ஓடுகிறது. அதே 1973-ல் அவர் லூட் என்ற பழைய ஐரோப்பிய வாத்தியத்தில் பழங்கால இசையை வாசித்து 'டாபர்னாக்கல்' என்று ஓர் ஆல்பம் போட்டார். முதலில் அதைக் கேளுங்கள்.

கிட்டாரிஸ்ட்களே தலையில் வைத்துக் கொண்டாடும் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்தைக் கவனிக்கப்படாதவர் என்று எப்படிச் சொல்ல முடியும்?
(ஒரு வாசகர், பெங்களூரு)

சொல்ல முடியும், அதற்குக் காரணம் கடைசியில் வருகிறது.

1946-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பிறந்தார். தாத்தா பியானோ வாசிப்பவர். பையனுக்கு ஆசை சாக்ஸஃபோன் மேல், கையில் கிடைத்ததோ கிட்டார். ஆனால் சாக்ஸஃபோனை அவர் விட்டுவிடவில்லை, கிட்டாருக்குள் அதைத் தேடிக்கொண்டே இருந்தார். பிக் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) கம்பியில் படுகிற அந்த 'டிக்' சத்தம் ஊதுவாத்தியத்தில் கிடையாதல்லவா, அதனால் வலது கையைக் குறைத்து, இடது கை விரல்களை ஃப்ரெட் மேல் சுத்தியல் மாதிரி இறக்கியே சுரங்களைப் பிறக்க வைத்தார். விரல்கள் எட்டுகிற தூரத்தைப் பார்த்தால் இது மனிதக் கையா என்று தோன்றும். 1978-ல் யூ.கே. குழுவின் முதல் ஆல்பத்தில் 'இன் தி டெட் ஆஃப் நைட்' பாட்டில் அவர் சோலோ வருகிறது. சுரங்கள் தனித்தனியாகக் காதில் விழுவதில்லை, தண்ணீர் ஊற்றினால் ஓடுவதுபோல ஓடிவிடுகிறது. அதைக் கேட்டு முதல் முறை எனக்கு ஒன்றும் புரியவில்லை, பத்தாவது முறைதான் அதற்குள் ஒரு பாட்டு இருப்பது தெரிந்தது.

எடி வான் ஹேலன் இவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார், பெரிய ரெக்கார்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் கிடைக்கவும் உதவினார். 1983-ல் 'ரோட் கேம்ஸ்' வந்தது. அதோடு சரி, பெரிய நிறுவனம் வேறு, ஹோல்ட்ஸ்வொர்த் வேறு என்று ஆகிவிட்டது. அவர் யாருக்காகவும் தன் இசையை வளைத்துக்கொடுக்கிறவர் இல்லை.

2017 ஏப்ரலில் அவருடைய ஆல்பங்கள் 12 சேர்ந்த ஒரு பெட்டி வெளிவந்தது. கிட்டாரை என்றென்றைக்கும் மாற்றிய மனிதர் என்று அதற்குத் தலைப்பு. அதே மாதம் 15-ம் தேதி, 70 வயதில், கலிஃபோர்னியாவில் இறந்துபோனார். இறுதிச் சடங்குக்குக் குடும்பத்திடம் பணம் இல்லை. இணையத்தில் 20,000 டாலர் கேட்டார்கள். செய்தி பரவிய ஒன்றிரண்டு நாளில் உலகம் முழுக்க இருந்த கிட்டாரிஸ்ட்களும் ரசிகர்களும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் போட்டார்கள். அந்த அன்பு பொய் இல்லை. ஆனால் அது அவர் உயிரோடு இருந்தபோது ரெக்கார்டு வாங்கும் காசாக வந்திருக்கலாம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிட வேறு பதில் எனக்குத் தெரியவில்லை.

கிட்டார் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. இவர்களில் யாருடையதை நான் வாசித்துப் பழகலாம்? ரொம்பக் கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.
(பள்ளி மாணவி, புதுச்சேரி)

அகூஸ்டிக் கிட்டார் என்றால் ஹாக்கெட்டின் 'ஹொரைசன்ஸ்'. 1972-ன் 'ஃபாக்ஸ்ட்ராட்' ஆல்பத்தில் இருக்கிறது, இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. பாஹ் தனிச் செல்லோவுக்கு எழுதிய முதல் தொகுப்பின் தொடக்கத்தை வைத்து எழுந்தது. முதலில் வருகிற மணியோசை போன்ற சுரங்களுக்கு, 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலைக் கம்பியில் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டி உடனே எடுக்க வேண்டும். அழுத்தினால் வராது. முதல் வாரம் அது மட்டும் போதும். மீதியை ஒரு வரிக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

எலக்ட்ரிக் என்றால் பால் காஸாஃப். ஃப்ரீ குழுவின் 'ஆல் ரைட் நவ்', 1970. தொடக்கத்தில் ஏ, டி என்ற இரண்டு கார்டைச் சுற்றியேதான் எல்லாம். வாசித்தபோது அவருக்கு வயது 19. பாட்டின் சரணங்களில் பேஸ் கிட்டாரே கிடையாது, டிரம்ஸும் இவரும் மட்டும்தான். ஆகவே நீங்கள் கார்டை அடித்துவிட்டுக் கம்பியை அடக்கும் இடம் அப்பட்டமாகக் கேட்கும். அடிப்பது சுலபம், அடக்குவதுதான் பாடம். வலது உள்ளங்கையின் ஓரத்தை மெதுவாகக் கம்பிமேல் வையுங்கள், கார்ட் சட்டென்று நிற்க வேண்டும், அடுத்தது வரும்வரை கை அசையக் கூடாது. ரெக்கார்டோடு சேர்த்து வாசித்து, நீங்கள் சும்மா இருக்க வேண்டிய இடத்தில் அவரோடு சேர்ந்து சும்மா இருக்க வந்துவிட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.